கீழ் வரிசையில் இருபது சதுரம்

ராஜபாளையம் ரோட்டில் இருக்கிற மரம் அறுக்கும் மில்லை நான் கட்டினேன். அந்த இடம் அப்போது வெறும் உடைமரக் காடு. அங்கே மில் வைத்தால் நரிதான் மரம் வாங்க வரும் என்று சிரித்தவர்கள், பிறகு மகள் கல்யாணத்துக்குக் கட்டில் வேண்டும் என்று என் வாசலில்தான் வந்து நின்றார்கள். லாரிக்கு மரப் பாடி கட்டும் பட்டறை கட்டினேன். பனவடலிசத்திரத்தில் மூன்று பேர் தோண்டிக் கைவிட்ட கிணற்றை வாங்கி, நாலாவது ஆளாகத் தோண்டித் தண்ணீர் கண்டேன். சங்கரன்கோவிலில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் என் பட்டறையில் செய்த நிலைக்கதவு ஒன்றாவது உங்களை வழிமறிக்கும். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். தறிக்குழியில் கால் வைத்தே காலத்தைக் கழித்த என் அப்பா எனக்கு விட்டுப்போனது தறியில் ஓடுகிற ஒரு பழைய நாடாவும் இழுப்பு நோயும்தான்.

பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான். நான் செய்த வேலைக்கு இன்னொருவன் பேர் வாங்கிக்கொண்டு போக இதுவரை விட்டதில்லை. ஒரே ஒரு வேலையில் மட்டும் விட்டுவிட்டேன். அது நான் பன்னிரண்டு வயதில் செய்தது.

என் வகுப்புக் கூட்டாளிகளே, நம் பள்ளிக்கூடத்து விழா மலரின் அச்சுப்படியைப் போன வாரம் வாட்ஸ்ஆப்பில் போட்டிருந்தீர்கள். கப்பல் பற்றி ஒரு பக்கம். பெரிய சாரின் சீரிய முயற்சி என்று ஆரம்பித்து, ‘தச்சு ஆசிரியரின் கவனக்குறைவால் வெள்ளோட்டத்தின்போதே கப்பல் மூழ்கியது’ என்று முடித்திருக்கிறீர்கள். ஆளுக்கு ஒரு கும்பிடு பொம்மை போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். நான் போடவில்லை. அந்தக் கடைசி வரியை எடுக்க வேண்டும். அதற்குப் பதில் எதை எழுத வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் கை வைக்காதீர்கள்.

தலைமை ஆசிரியரைத்தான் பெரிய சார் என்போம். அந்த வருடம் மார்கழியில் அவருக்கு எங்கிருந்தோ ஓர் இங்கிலீஷ் பத்திரிகை கிடைத்தது. வழவழப்பான தாள். அதில் புது மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாசனை வரும். யாரையும் தொட விடமாட்டார். பூசாரி ஆரத்தித் தட்டைக் காட்டுவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக் காட்டிவிட்டு மடியில் வைத்துக்கொள்வார். கடைசி பீரியடில் எட்டாம் வகுப்பு முழுவதையும் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து அந்தக் கதையைத் தமிழில் சொன்னார்.

வடக்கே கடல் உறைகிற குளிர் தேசத்தில், முந்நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு ராஜா. அவன் கட்டிய போர்க்கப்பலுக்கு வாசா என்று பேர். ஆயிரம் மரத்தை வெட்டி அதைக் கட்டினார்கள். மூன்று பாய்மரம். முகப்பில் பாய்கிற சிங்கம். பின்பக்கம் நம் தேர் மாதிரி முழுக்கச் சிற்பம், அத்தனைக்கும் வர்ணம். பீரங்கி அறுபத்து நாலு. அதை ஒரே வரிசையில் வைத்தால் போதாதென்று மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு. முதல் நாள் கிளம்பும்போது ஊரே கரையில் நிற்கிறது. இரண்டு அடுக்கிலும் மூடிகளைத் திறந்து பீரங்கி வெடிக்கிறார்கள்.

“அப்புறம் என்னாச்சு சார்?” என்று கேட்டவன் நான்தான்.

“அப்புறம் என்னலே, ராசாவுக்குப் பேரும் புகழுந்தான்” என்று சொல்லிப் பத்திரிகையை மூடிவிட்டார். அதில் இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருந்ததை நான் பார்த்தேன். விளம்பரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாதக் கடைசியில் கண்காட்சி. ஜில்லாவில் இருந்து கல்வி அதிகாரி வருகிறார். அதே கப்பலை எட்டடி நீளத்தில் செய்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த குளத்தில் மிதக்கவிட வேண்டும் என்று பெரிய சார் தச்சு வாத்தியாரிடம் சொன்னார்.

தச்சு வாத்தியாரின் முகமே உங்களில் பாதிப் பேருக்கு நினைவிருக்காது. ஒல்லியான ஆள். காதில் பென்சில். வேலை நிரந்தரமாகாத டெம்பரவரி வாத்தியார். வீட்டம்மாவும் கைப்பிள்ளையும் சிவகிரியில். அவர் மட்டும் இங்கே ஒரு அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை பஸ் ஏறுவார். கப்பலுக்குப் பலகை இழைக்கும்போது ஒரு நாள் அவரே சொன்னார்:

“அதிகாரிக்கு இது கண்ணுல நின்னுட்டா எனக்கு பெர்மனன்ட்டு ஆயிரும்லே. பெரிய சாரே வாய்விட்டுச் சொல்லிட்டாரு. சித்திரைக்குள்ள குடும்பத்த இங்கன கூட்டியாந்துருவேன்.”

“சார், நீங்க கடலப் பாத்துருக்கீயளா?” என்று ஒருத்தன் கேட்டான்.

“தூத்துக்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில எடம் புடிக்கதுக்குள்ள திரும்பிப் போற பஸ் வந்துட்டு.”

கடலைப் பார்க்காத ஆளும், கடலைப் பார்க்காத முப்பது பையன்களும் சேர்ந்து போர்க்கப்பல் கட்டினோம். அடிமரம் மா. பக்கப் பலகைக்குப் பெட்டிப் பலகை. சந்தில் தண்ணீர் ஏறாமல் இருக்கக் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பஞ்சில் தோய்த்து அடைத்தோம். அந்தப் புகை தலைமுடியில் ஏறிக்கொள்ளும். என் அம்மா என்னைச் சோற்றுக்கு உட்காரவிடாமல் முதலில் குளிக்க விரட்டுவாள். பாய்க்குத் துணி எங்கள் வீட்டுத் தறியில் இருந்து வந்தது. கஞ்சி போட்டு விறைத்து நின்றது. பீரங்கிக்கு மூங்கில் துண்டு.

மேல் வரிசையில் ஓட்டை போட்டு மூங்கிலைச் செருகினார் வாத்தியார். கீழ் வரிசைக்குப் பக்கத்துக்குப் பத்தாக இருபது சதுரம் பென்சிலால் கோடு போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். என் கைதான் நடுங்காது என்று அவருக்குத் தெரியும்.

“கீழ கறுப்பு மை மட்டும் அடி. ஓட்டை போட்டுராத.”

“கதையில கீழயும் தொறக்காங்களே சார்?”

“கதையில ராசா இருக்கான், ஆள் வச்சுத் தண்ணி எறைப்பான். இங்கன யாரு எறைப்பா? தண்ணிக்கு மேல நாலு வெரக்கடைதாம்லே இருக்கு.”

அதோடு விட்டிருக்க வேண்டும்.

பொங்கலுக்கு நாலு நாள் லீவு. வாத்தியார் சிவகிரி போகும்போது, பலகைக்குத் தினமும் எண்ணெய் பூசச் சொல்லிக் கொட்டகைச் சாவியை என்னிடம் கொடுத்தார். ஊர் முழுக்கக் கரும்பும் மஞ்சள் குலையுமாகக் கிடக்கிறது. நான் கொட்டகைக்குள் உட்கார்ந்து துறப்பணத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சதுரத்துக்கும் நாலு மூலையில் துளை. பிறகு சின்ன வாளால் அறுத்து, உளியால் ஓரத்தைச் சீவினேன். அறுத்தெடுத்த துண்டையே மூடியாக்கினேன். பிய்ந்த செருப்பின் வாரை வெட்டிக் கீல் அடித்தேன். மூடியின் மேல் கறுப்பு மை பூசினேன். மூடிவிட்டால் வெறும் மை பூசிய சதுரம் மாதிரியே இருக்கும். விரல் நகம்கூட நுழையாது.

இருபது மூடியையும் தனித்தனியாகத் திறந்தால் அதில் என்ன இருக்கிறது? தறியில் மிதிபலகையை ஒரு மிதி மிதித்தால் பாவு நூல் நூற்றுக்கணக்கில் ஒன்றாக எழும்பும். பிறந்ததில் இருந்து பார்க்கிற சங்கதி. அதேபோல இருபது மூடிக்கும் உள்ளே நூல் கட்டி, எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் சேர்த்து மேல்தட்டு வழியாக வெளியே கொண்டுவந்தேன். ஒரு இழுப்பு. இருபதும் படக்கென்று எழுந்தன. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் மில்லுக்குக் கரண்ட் வந்த நாளில்கூட வரவில்லை. வாத்தியாரிடம் சொல்லவில்லை. எல்லோர் முன்னாலும் இழுத்து அவரையே அசத்த வேண்டும் என்று இருந்தேன். அவருக்குப் பரிசு கொடுப்பதாகத்தான் நினைப்பு.

லீவு முடிந்து வந்தவர் கப்பலைச் சுற்றி வந்து பார்த்தார். “மை நல்லா அடிச்சிருக்கலே” என்றார்.

கண்காட்சிக்கு முதல் நாள் அவர் பெரிய சாரிடம் போய், ஒரு தடவை குளத்தில் இறக்கிப் பார்த்துவிடுகிறேன், மணல் மூட்டை போதுமா என்று தெரிய வேண்டும் என்று கேட்டார். மேல்கனம் ஆகாமல் இருக்க அடியில் மணல் மூட்டை அடுக்கியிருந்தார். பெரிய சார் ஒத்துக்கொள்ளவில்லை.

“என்ன பேச்சுவே இது? பொண்ணு மணவறைக்கு வாரதுக்கு முன்னாடி ஊரச் சுத்தி வருவாளா? மொதத் தண்ணி அதிகாரி முன்னாடிதான். நல்ல நேரம் குறிச்சாச்சு.”

மறுநாள் கப்பலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தார்கள். தண்ணீரில் இறக்கியதும் ஜம்மென்று நின்றது. பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும் கயிறு என் கையில். அதோடு சேர்த்து என்னுடைய கயிறும் என் கையில். யாரும் கவனிக்கவில்லை. அதிகாரிக்கு ஆளுயர ரோஜா மாலை போட்டார்கள். வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்த மாலை, சொட்டிக்கொண்டிருந்தது. அவர் பெரிய மனசு பண்ணி, “இந்த மரியாதை கப்பலுக்குத்தான் சேரணும்” என்று அதைக் கழற்றினார். பெரிய சார் குதூகலமாக வாங்கிக் கரையில் இருந்தபடியே நடுப் பாய்மரத்தின் உச்சியில் மாட்டினார். கப்பல் ஒரு ஆட்டம் ஆடி நிமிர்ந்தது.

தச்சு வாத்தியார் ஓரடி முன்னால் வந்து, “சார், மால வேண்டாம் சார், கனம்” என்றார்.

“மாலையக் கழத்தச் சொல்லுதீரு? அதிகாரி போட்ட மாலைய?” என்றார் பெரிய சார், சிரித்த முகம் மாறாமல்.

கப்பல் கிளம்பியது. பத்துப் பதினைந்து அடி போயிருக்கும். நான் இழுத்தேன். இருபது மூடியும் ஒன்றாக எழும்பின. கூட்டம் ஒரு நொடி வாய் பிளந்தது. பிறகு கைதட்டல். அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து தட்டினார். பெரிய சார் தச்சு வாத்தியாரின் முதுகில் அடித்து, “பலே! சொல்லாமக் கொள்ளாம ஒளிச்சு வச்சிருந்தீரே” என்றார். வாத்தியார் வாயைத் திறந்தார். சொல்லவில்லை. அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த நொடி எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டால், இன்றைக்கும் முடியவில்லை என்றுதான் சொல்வேன்.

வாடைக்காற்று ஒரு தட்டுத் தட்டியது. கஞ்சி போட்ட பாய் காற்றை விடாமல் பிடித்தது. உச்சியில் ஈர மாலை. கப்பல் சாய்ந்தது. வெறுமனே சாய்ந்திருந்தால் நிமிர்ந்திருக்கும். ஆனால் கீழ் வரிசையில் பத்து வாசல் திறந்து கிடந்தது. குடத்தைத் தண்ணீரில் அமுக்கினால் வருமே, கொடக் கொடக் என்று, அந்தச் சத்தம்தான். மணல் மூட்டையோடு கீழே போய்விட்டது. கொஞ்ச நேரம் பாய்மரத்தின் நுனியும் ரோஜா மாலையும் மட்டும் தெரிந்தன. பிறகு மாலை தனியாக மிதந்தது.

யாரோ ஒருவன் சிரித்தான். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சாயங்காலமே கப்பலை வெளியே இழுத்துப் பெரிய சார் அறைக்கு முன்னால் போட்டார்கள். தச்சு வாத்தியாரை உள்ளே கூப்பிட்டு விசாரித்தது ஜன்னல் வழியாகக் கேட்டது.

“ஓட்டை போட்டது நான் இல்ல சார்.”

“கைதட்டும்போது இத ஏன்வே சொல்லல?”

வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். நான் உள்ளே போனேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

“சார், நாந்தான் சார் வெட்டினேன்.”

பெரிய சார் என் காதைப் பிடித்து வெளியே இழுத்துவந்து கப்பலுக்கு முன்னால் குனியவைத்தார். “பாருலே. இருவது சதுரம். ஒரு மூலை பெசகல. மூடி பொருந்தின பொருத்தத்தப் பாரு. இத நீ வெட்டின? எட்டாப்புப் பய? கை தேர்ந்த தச்சன் வெட்டினதுலே இது. வாத்தியாருக்கு வக்காலத்து வாங்க வந்துட்டான், போலே.”

வேலை சுத்தமாக இருந்ததுதான் வினையாகப் போயிற்று. கோணல்மாணலாக வெட்டியிருந்தால் என்னை நம்பியிருப்பார்கள். ஒரு பலகையும் உளியும் கொடுங்கள், உங்கள் கண் முன்னால் இன்னொரு சதுரம் வெட்டிக் காட்டுகிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். அது எனக்கு அப்போதே தோன்றியது. பிறகு தோன்றியதாகப் பொய் சொல்ல மாட்டேன். தோன்றியும் சொல்லவில்லை. நம்பவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்துவிட்டது.

திரும்பி வரும்போது பெஞ்சில் இருந்த வாத்தியார் கேட்டார்: “உள்ள போயி என்னலே சொன்ன?”

“ஒண்ணுமில்ல சார்.”

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். தறியை நிறுத்தாமலே கேட்டார். “வாய மூடிக்கிட்டு இரு. படிச்ச மனுசன், அவருக்கு வேற பள்ளிக்கூடம் கெடைக்கும். ஒனக்கு டீசி குடுத்து வெரட்டுனா எங்கன போவ?” என்றார். அவர் கணக்கு இரண்டும் தப்பு. வாத்தியாருக்கு வேறு பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. நானும் அடுத்த வருடம் படிப்பை விட்டேன்.

மாசி பிறப்பதற்குள் அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். இழைப்புளி ஒரு பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிற சாக்குப்பையோடு சிவகிரி பஸ் ஏறியதைப் பார்த்தேன். கிட்டே போகவில்லை. கப்பலை உடைத்துப் பள்ளிக்கூடத்து மதிய உணவு அடுப்பில் வைத்தார்கள். குங்கிலியம் பூசிய பலகை, நின்று எரிந்தது. அன்றைய உப்புமாவில் புகை வாசனை என்று சாப்பிடாமல் கொட்டியவர்கள் உங்களில் இருக்கிறீர்கள்.

வருடங்கள் போய்விட்டன. ஐந்தாறு வருடத்துக்கு முன்னால், அந்தக் குளிர் தேசத்தில் வேலை பார்க்கிற ஒரு பையன் தன் வீட்டுக்கு ஊஞ்சல் செய்ய என் பட்டறைக்கு வந்தான். அங்கே பார்க்க என்ன தம்பி இருக்கிறது என்று சும்மா கேட்டேன். ஒரு பழைய மரக்கப்பல் இருக்கிறது தாத்தா என்று செல்போனில் காட்டினான். முகப்பில் பாய்கிற சிங்கம். செல்போனை அவன் கையில் இருந்து வாங்கிக்கொண்டேன்.

மீதிக் கதையை அவன் சொன்னான். பெரிய சார் சொல்லாமல் மூடிய பக்கம். வாசா போருக்கே போகவில்லை. கிளம்பிய அன்றே, கரையில் ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு மைல்கூடத் தாண்டாமல் மூழ்கிவிட்டது. முப்பது பேர் செத்துப்போனார்கள். மேல்கனம். ஒரு காற்று அடித்தது, சாய்ந்தது, திறந்து கிடந்த கீழ் வரிசைப் பீரங்கி வாசல் வழியாகத் தண்ணீர் ஏறியது. கிளம்புவதற்கு முன்பே முப்பது ஆள்களை மேல்தட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுச் சோதித்திருக்கிறார்கள். கவிழப் பார்த்திருக்கிறது. சோதனையை நிறுத்திவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். ராஜா அவசரப்படுத்தினானாம். முந்நூறு வருடத்துக்கு மேல் சேற்றில் கிடந்ததைத் தூக்கி எடுத்து வைத்திருக்கிறார்கள்.

பெரிய சாருக்கு இது தெரியும். நல்ல காரியத்துக்கு முன்னால் மூழ்கிய கதை எதற்கு என்று அபசகுனத்துக்குப் பயந்து மறைத்துவிட்டார். அந்த ஒரு பக்கத்தைப் படித்திருந்தால், கீழ் வரிசையில் நான் உளி வைத்திருப்பேனா?

“அங்க யாருக்கு தம்பி தண்டனை குடுத்தாங்க?” என்று கேட்டேன்.

“விசாரிச்சிருக்காங்க தாத்தா. கடைசில யாரு மேலயும் குத்தமில்லன்னு விட்டுட்டாங்க.”

அங்கே ராஜா, தளபதி, ஆயிரம் மரம், முப்பது உயிர். ஒருத்தருக்கும் தண்டனை இல்லை. நம் ஊரில் எட்டடிக் கப்பல். ஒரு மனுஷன் சோறு போய்விட்டது.

தெரிந்த பிறகும் ஐந்தாறு வருடம் சும்மாதான் இருந்தேன். உங்கள் அச்சுப்படியைப் பார்த்த மறுநாள்தான் சிவகிரிக்குக் காரை எடுத்துக்கொண்டு போனேன். வாத்தியார் போய்ச் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறதாம். மகள் இருக்கிறார். அந்தக் கைப்பிள்ளைதான்; இப்போது பேரன் எடுத்துவிட்டார். தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். நான் யார், எத்தனை மில் என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். அவர் தைத்துக்கொண்டே கேட்டார். கப்பல் என்றதும் மிஷின் நின்றது.

சொல்லி முடித்தேன். அவர் மிஷினில் இருந்த துணியை எடுத்து மடித்து வைத்தார்.

“எங்கப்பாவ இந்த ஊருல எப்படிக் கூப்புடுவாங்க தெரியுமா அண்ணாச்சி? முங்குன கப்பலு. கலப்பை செஞ்சு குடுத்தாலும், ‘முங்குன கப்பலு செஞ்சது, உழுமா?’ம்பாங்க. என்னப் பொண்ணு பாக்க வந்த எடத்துலயும் அதையே கேட்டாங்க.”

“அவரு யாரயாவது சந்தேகப்பட்டாரா தாயி?”

“இல்ல. வெட்டுனவன் எவனோ, பாக்காம விட்டவன் நாந்தானம்பாரு. சாகுற வரைக்கும் அதான்.”

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் அதைப் பார்க்கவில்லை.

“எதுக்கு அண்ணாச்சி இங்கன வந்து சொல்லுதீய? எங்கப்பா வெட்டலன்னு எங்கம்மைக்கு அன்னைக்கே தெரியும், எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து தெரியும். தெரியாதது ஒங்க ஊருக்குத்தான். அங்க போயிச் சொல்லுங்க. அச்சுல சொல்லுங்க.”

அதனால்தான் சொல்கிறேன். மலர் அச்சுக்குப் போகும் முன் அந்தக் கடைசி வரியை எடுத்துவிட்டு இப்படிப் போடுங்கள்: ‘கப்பலைக் கட்டியவர் நம் தச்சு வாத்தியார். கீழ் வரிசையில் ஓட்டை வேண்டாம், மை போதும் என்று சொன்னவர் அவர். முதல் நாளே மிதக்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டவர் அவர். மாலை வேண்டாம் என்று சொன்னவரும் அவர்.’ அதற்குக் கீழே என் பேரை, அப்பா பேரோடு, முழுதாகப் போட்டு, ‘கீழ் வரிசையில் இருபது வாசலும் இவன் வெட்டியவை, கயிற்றை இழுத்தவனும் இவன்’ என்று போடுங்கள். வயதானவன் ஏதோ உளறுகிறான் என்று பெரிய சார் மாதிரி நீங்களும் நினைத்தால், ஒரு பெட்டிப் பலகையும் உளியும் கொண்டுவந்து என் முன்னால் வையுங்கள். என் கை இன்னும் நடுங்கவில்லை. வெட்டிக் காட்டுகிறேன்.